உங்களுக்குத் தெரியுமா? அடுப்பில் ஏறும் நிறங்கள்

இலை, பூ, காய், கிழங்கு, விதை என்று எதிலிருந்து எடுத்தாலும் தாவர நிறம் சும்மா கிடக்கும் சாயம் அல்ல. சூடு பட்டால் ஒன்று உடையும், புளிப்பு பட்டால் ஒன்று மாறும், வெயில் பட்டால் ஒன்று வெளுக்கும். எந்த நிறத்துக்கு எது ஆகாது என்று தெரிந்துகொண்டால், கடையில் விற்கும் கலர்ப்பொடி இல்லாமலே நிறைய சமாளித்துவிடலாம்.

கீரையின் பச்சை எங்கே போகிறது?

பச்சையம் எனப்படும் குளோரோபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். அந்த இடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். அப்படி உருவாகும் பொருளின் பெயர் ஃபியோஃபைடின். நிறம் மங்கிய பழுப்புப் பச்சை. கீரையைப் புளி விட்டுக் கடைந்தால் நாம் பார்ப்பது இதைத்தான்.

புளியே விடாவிட்டாலும் கீரைக்குள் அமிலம் உண்டு. பச்சை இலையில் அதுவும் பச்சையமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வேகும்போது அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. "கீரையை மூடி போட்டு வேகவைக்காதே" என்று வீட்டில் சொல்வார்களே, அதில் வேதியியல் இருக்கிறது. திறந்த சட்டியில் ஆவியாகக்கூடிய அமிலங்கள் ஆவியோடு போய்விடும். மூடினால் அவை மூடியில் பட்டு நீராகித் திரும்பவும் கீரையிலேயே சொட்டும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கொதிக்கும் நீரில் போட்ட சில விநாடிகளில் கீரை முன்பைவிடப் பளிச்சென்று ஆகும். செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறுவதால் பச்சை தெளிவாகத் தெரிகிறது; பச்சையம் கூடிவிடவில்லை. அந்த நேரத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் பச்சை நிற்கும். உறைநிலைப் பட்டாணி தயாரிப்பவர்கள் செய்வதும் இதுதான்.

ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலும் பச்சை காப்பாற்றப்படும். ஆனால் கீரை கூழாகக் குழையும், பி1 வைட்டமினும் காரத்தில் அழியும். நிறத்துக்காகச் சத்தைத் தாரை வார்ப்பது என் கணக்கில் நஷ்டம்தான்.

மக்னீசியத்தின் இடத்தில் செம்பு

பச்சை நிற மிட்டாய் உறையில் "இ 141" என்று பார்த்திருக்கிறீர்களா? அது மக்னீசியத்தை எடுத்துவிட்டுச் செம்பைப் பொருத்திய பச்சையம். செம்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் சூட்டுக்கும் புளிப்புக்கும் அசைந்து கொடுக்காது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் டப்பாவில் அடைத்த பட்டாணி பச்சையாகவே இருக்க, அதில் நேரடியாகச் செம்பு உப்பைச் சேர்த்தார்கள். நல்லவேளையாக இன்று அந்தப் பழக்கம் இல்லை. வெள்ளீயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்போ ஊறுகாயோ வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சையோடு விஷமும் ஏறும்.

மஞ்சளை ஏன் வேகவைக்கிறார்கள்?

ஈரோட்டுப் பக்கம் அறுவடை நாட்களில் போனால், வயலோரம் மஞ்சள் வேகும் வாசனை காற்றில் இருக்கும். முன்பு பெரிய கொப்பரையில் நீர் ஊற்றி, காய்ந்த மஞ்சள் தழையையே எரித்து வேகவைப்பார்கள். இப்போது பெரும்பாலும் நீராவி இயந்திரம். விரலியையும் கிழங்கையும் பிரித்துத் தனித்தனியாக வேகவைக்க வேண்டும். கிழங்குக்கு நேரம் கூடுதலாகும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நுரை பொங்கி, வெள்ளை ஆவியோடு மஞ்சளுக்கே உரிய மணம் எழும். அந்தச் சமயத்தில் ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். சுலபமாக இறங்கினால் பதம்.

இந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே நிறைய நடக்கிறது. பச்சைக் கிழங்கில் நிறம் ஆங்காங்கே சிறு அறைகளில் தனித்தனியாக அடைபட்டிருக்கும். வேகும்போது மாவுச்சத்து களியாகி, நிறம் அதனுடன் கலந்து கிழங்கு முழுவதும் ஒரே சீராகப் பரவுகிறது. வேகவைத்த கிழங்கு சீக்கிரமும் காயும், முளைவிடாது. கூடுதலாக வெந்தால் நிறம் கெடும், குறைவாக வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும். பிறகு 10 முதல் 15 நாள் வெயில். ஒடித்தால் உலோகம் போலக் 'கிணீர்' என்று கேட்க வேண்டும். அதன் பின் உருளையில் போட்டு மெருகேற்றுவார்கள்.

மெருகேற்றும் இடத்தில்தான் அநியாயமும் நுழைகிறது. பங்களாதேஷில் மஞ்சளைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட்டைப் பூசி வந்தது 2019இல் வெளியான ஆய்வுகளில் அம்பலமானது. அதன் பிறகு அரசு சோதனை, அபராதம் என்று இறங்கியதில் அந்தக் கலப்படம் வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்தை ஒரு பளபளப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் கொதிக்கிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைவிடச் சற்று மங்கலான விரலியை வாங்கி நாமே அரைத்துக்கொள்வது நல்லது.

குர்குமினின் குணங்கள் மூன்று

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். இது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளிப்பில் போட்ட மஞ்சள்தூள் சீராகப் பரவுவது அதனால். ஓரளவு சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் மங்குகிறது. ஜன்னலோரக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் மஞ்சள்தூளும் அதே காரணத்தால்தான் வெளிறுகிறது. காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீருடன் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான். சோடா கூடுதலாகப் போட்ட கேக் மாவில் மஞ்சள்தூள் சேர்த்தால் பொன்னிறத்துக்குப் பதில் செம்பழுப்பு வந்து நிற்பதும் இதனால்தான்.

பீட்ரூட் இழந்த நிறத்தைத் திரும்பப் பெறும்

தாவர நிறங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது. பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பெட்டானின். நெடுநேரம் கொதித்தால் அது இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு மஞ்சள், இன்னொன்று நிறமற்றது. அதனால்தான் வெகுநேரம் கொதித்த பீட்ரூட் பொரியல் செம்பழுப்பாகி மங்குகிறது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டால், உடைந்த துண்டுகளில் ஒரு பகுதி மறுபடியும் சேர்ந்து பழைய சிவப்பைக் கொஞ்சம் மீட்டுத் தரும். இலேசான புளிப்பு இருந்தால் இந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். ஆகவே இறக்கிய பின் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

தோலோடு முழுசாக வேகவைத்து, பிறகு உரித்தால் நிறம் நீரில் கசிவது குறையும். இரும்பு, செம்பு இரண்டும் பெட்டானினைச் சீக்கிரம் அழிக்கும் என்பதால் இரும்பு வாணலி இதற்கு வேண்டாம். ஐஸ்கிரீம், தயிர் போன்ற குளிர்ந்த பண்டங்களுக்குப் பீட்ரூட் நிறம் அருமையாகப் பொருந்துகிறது. பிஸ்கட்டுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை.

தொழிற்சாலையில் இன்னொரு சிக்கல். பீட்ரூட் சாற்றைக் காய்ச்சினால் கிடைப்பதில் பெரும்பகுதி சர்க்கரை, நிறம் கொஞ்சம்தான். அதனால் ஈஸ்ட்டை விட்டு நொதிக்கவைத்து அந்தச் சர்க்கரையைத் தின்னவைக்கிறார்கள். மிச்சம் இருப்பதில் நிறம் அடர்ந்திருக்கும், மண் வாசனையும் குறைந்திருக்கும்.

சேராத இரண்டு சிவப்புகள்

பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளிப் பழம், காகிதப்பூ ஆகியவற்றின் சிவப்பு பெட்டாலெயின் என்ற குடும்பம். நாவல், கறுப்புத் திராட்சை, ஊதா முட்டைக்கோஸ், செம்பருத்தி ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற வேறு குடும்பம். இவை இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை! எது எந்தக் குடும்பம் என்று தெரிய வேண்டுமா? சாற்றில் கொஞ்சம் சமையல் சோடாவைக் கரைத்துப் பாருங்கள். முட்டைக்கோஸ் சாறு நீலமாகி, சோடா கூடக்கூடப் பச்சை சாயும். பீட்ரூட் சாறு நீலமாகவும் ஆகாது, பச்சையாகவும் ஆகாது.

சங்குப்பூவின் நீலம்

வேலியோரச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. மலேசியாவின் கிளந்தான் பகுதியில் இந்தப் பூவின் சாற்றில்தான் 'நாசி கெராபு' என்னும் நீலச் சோறு சமைக்கிறார்கள். பெரும்பாலான ஆந்தோசயனின்கள் புளிப்பு இல்லாத இடத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். சங்குப்பூ தாங்குவதற்குக் காரணம், அதன் நிறமூலக்கூறில் நீளநீளமான பக்கக்கிளைகள் இருப்பதுதான். அவை மடிந்து வந்து நடுப்பகுதியை மறைப்பதால் நீர் அதைத் தாக்க முடிவதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. நம் வீட்டு வேலியில் சும்மா படர்ந்து கிடக்கிற கொடி!

ஏன் இத்தனை வரவேற்பு? உணவுக்கு நீலம் கிடைப்பது அவ்வளவு கடினம். ஸ்பைருலினா என்ற நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் நீலம் ஒரு புரதம். நன்றாகச் சூடேறினாலே உருக்குலைந்து வெளுத்துவிடும். அதனால் கொதிக்கும் பாகில் அதைச் சேர்க்க முடியாது.

பதப்படுத்தும்போதே பிறக்கும் நீலம்

கார்டீனியா செடியின் பழத்தில் நீலமே கிடையாது. பழச்சாற்றில் உள்ள ஒரு பொருளை நொதியால் பிரித்தால் ஜெனிபின் கிடைக்கும். அதற்கும் நிறம் இல்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களோடு அதைச் சேர்த்தால்தான் ஆழ்ந்த நீலம் வரும். ஜப்பானில் இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் அனுமதி 2025 ஜூலையில்தான் கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில், 'ரெட் 3' எனப்படும் எரித்ரோசின் என்ற செயற்கைச் சிவப்பை உணவிலிருந்து நீக்க அந்நாடு உத்தரவிட்டது.

வேகவைத்தால் கூடும் சத்து

எல்லா நிறங்களுக்கும் அடுப்பு பகை என்று நினைக்க வேண்டாம். காரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் கெட்டியான செல்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. பச்சையாக மெல்லும்போது பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். வேகவைத்து மசித்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். தக்காளித் தொக்கு எண்ணெய் பிரிந்து வரும்போது அந்த எண்ணெயே சிவந்திருக்கிறதே, அது லைகோபீன்.

ரேஷன் பாமாயில் முதலில் சிவப்பு

செம்பனைப் பழத்திலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெய் கரோட்டின் மிகுந்து ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். களிமண் போன்ற வெளுப்புமண்ணில் வடித்து, வாசனை போக்க 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேற்றும்போது அத்தனை கரோட்டினும் போய்விடுகிறது. நியாயவிலைக் கடையில் வாங்குகிற வெளிர் மஞ்சள் எண்ணெய் இப்படி வெளுக்கப்பட்டதுதான். சூட்டைக் குறைத்துச் சுத்திகரித்த சிவப்புப் பனையெண்ணெயை மலேசியாவில் தனியாக விற்கிறார்கள்.

மிளகாய்: காரம் வேறு, நிறம் வேறு

கர்நாடகத்தின் பேடகி மிளகாயில் காரம் குறைவு, சிவப்பு அதிகம். வற்றல் சுருங்கிச் சுருக்கம் விழுந்து கிடக்கும். அரைத்தால் கை சிவக்கும். அதன் நிறச்சத்தைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்து, 'ஓலியோரெசின்' என்ற குழம்பாக உலகெங்கும் அனுப்புகிறார்கள். கேரளத்தின் கோலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் நிறுவனம் இந்தத் தொழிலின் முன்னோடி.

வீட்டுக்கு உதவும் செய்தி ஒன்று: மிளகாயின் சிவப்புக்குக் காற்றும் வெளிச்சமும் ஆகாது. முழு வற்றலாக இருக்கும்வரை தோல் காக்கும். பொடித்த பின் காற்று எல்லாப் பக்கமும் படுவதால் நிறம் வேகமாக மங்கும். வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் அரைத்து வைப்பதைவிட, வற்றலாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைப்பது நல்லது.

முட்டைக்கருவுக்குச் செண்டுமல்லி

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் விளையும் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லியில் எல்லாமே மாலைக்குப் போவதில்லை. பூக்களைக் குவித்து மூடிப் புளிக்கவைத்து, பிழிந்து, உலர்த்தி, குருணையாக்கி, அதிலிருந்து லுடீன் எடுக்கிறார்கள். பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கு. கோழியால் இந்த மஞ்சளைத் தானாக உண்டாக்க முடியாது. தீவனத்தில் எவ்வளவு இருக்கிறதோ, கருவிலும் அதற்கேற்பத்தான் நிறம். உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் லுடீன் வீணாகும். இந்தத் தொழிலின் சூட்சுமமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சீஸின் ஆரஞ்சு

செடார் சீஸுக்கு நிறம் தருவது தென்னமெரிக்காவிலிருந்து வந்த அன்னாட்டோ மரத்தின் விதைமேல் படிந்திருக்கும் சிவப்பு. எண்ணெயில் வடித்தால் பிக்சின், காரநீரில் வடித்தால் நார்பிக்சின். பின்னது நீரில் கரையும். ஆனால் புளிப்புப் பானத்தில் விட்டால் திரிந்து அடியில் படியும். ஒரே விதை, வடிக்கும் முறையைப் பொறுத்து இரண்டு வேறு நிறப்பொருள்கள்.

கவுனி அரிசி ஊறிய நீர்

கறுப்புக் கவுனியின் நிறம் முழுக்கத் தவிட்டில் இருக்கிறது. தீட்டினால் போயே போய்விடும். ஊறவைத்த நீர் ஊதாவாக மாறுவது ஆந்தோசயனின் இறங்குவதால்தான். ஒரு முறை கழுவிவிட்டு ஊறவையுங்கள். ஊறிய நீரிலேயே வேகவையுங்கள். அந்த நீரைக் கொட்டுவது, கூடுதல் விலை கொடுத்து வாங்கியதைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம்.

கத்தரிக்காய்க்கு எண்ணெய்

சாம்பாரில் போட்ட கத்தரிக்காய் தோலின் ஊதாவை இழக்கிறது, எண்ணெய்க் கத்தரிக்காயில் ஓரளவு நிற்கிறது. தோலின் நிறம் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. காய்ந்த எண்ணெயின் சூடு, நிறத்தைப் பழுப்பாக்கும் நொதியையும் சட்டென்று செயலிழக்கச் செய்துவிடுகிறது.

பஞ்சுமிட்டாய்க்கு ஏன் துணிச்சாயம்?

2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தன. மாதிரிகளில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததுதான் காரணம். உருகும் சர்க்கரையின் சூட்டில் பீட்ரூட் சிவப்பு நிற்காது. புளிப்பு இல்லாத சர்க்கரையில் திராட்சையின் நிறமும் பளிச்சென்று சிவக்காது. மலிவாகவும் மாறாமலும் கிடைக்கும் விஷச்சாயத்தைச் சிலர் தேடிப் போவதற்கு இது ஒரு காரணம். மன்னிப்பதற்கான காரணம் அல்ல. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களைக்கூடக் குறிப்பிட்ட பண்டங்களில் மட்டுமே, பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள்தான் சேர்க்கலாம். வெள்ளைப் பஞ்சுமிட்டாயின் ருசியும் அதே ருசிதான். குழந்தைகளுக்கு அதையே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

குங்குமப்பூவை நெய்யில் வறுக்காதீர்கள்

குங்குமப்பூவின் நிறம் குரோசின். இதுவும் காரட் நிறத்தின் உறவுதான், ஆனால் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் நீரில்தான் கரையும், நெய்யில் கரையாது. வெதுவெதுப்பான பாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் முழு நிறமும் இறங்கும். அதன் மணம் பறித்த பூவில் அவ்வளவாக இருக்காது, உலர்த்தும்போதுதான் உருவாகிறது.

பதிமுக வெந்நீர்

கேரளத்து ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் தருவார்களே, அது பதிமுகம் என்ற மரத்தின் வைரப்பகுதியைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்தது. வெட்டிய புதிதில் மரத்துக்குள் இருக்கும் பிரேசிலின் கிட்டத்தட்ட நிறமற்றது. காற்று பட்ட பிறகே பிரேசிலெயினாகிச் சிவக்கிறது. அந்த டம்ளரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகும்; கொஞ்சம் சமையல் சோடாவைப் போட்டால் திரும்பவும் சிவக்கும். குழந்தைகளோடு போகும்போது எலுமிச்சையை மட்டுமாவது பிழிந்து காட்டுங்கள்.